வெள்ளைச் சுவர், ஒரே டியூப் லைட், கையில் கொஞ்சம் பணம்: எங்கிருந்து தொடங்குவது?

மூன்றாம்மாடி:

வணக்கம். நான், கணவர், ஏழு வயது மகள், மூன்று பேரும் மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த வாடகை வீட்டுக்கு வந்தோம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சின்னதாகச் சமையலறை. கூடம் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், உயரம் 2.7 மீட்டர். நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர், மேலே ஒரு டியூப் லைட், ஒரு சுவரை ஒட்டிப் பழுப்பு நிற சோபா, எதிரே டிவி, மூலையில் இன்னும் பிரிக்காத மூன்று அட்டைப் பெட்டிகள். அவ்வளவுதான் வீடு. வீடு மாறியதிலேயே சேமிப்பு கரைந்துவிட்டது. இப்போது அலங்காரத்துக்கு என்று ஒதுக்க முடிவது ஒரு மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஒரு காசு கூட எடுக்க முடியாது.

ஏற்கெனவே ஒரு தப்பு செய்துவிட்டேன். வந்த புதிதில் குட்டிக் குட்டியாகப் பொம்மைகள், பிளாஸ்டிக் பூக்கள், சுவரில் ஒட்டும் மர ஸ்டிக்கர் என்று வாங்கினேன். ஒன்றும் சேரவில்லை. ஸ்டிக்கரை உரித்தபோது உள்ளங்கை அளவு பெயின்டும் சேர்ந்து வந்துவிட்டது. வீட்டுக்காரர் நல்லவர். நாலைந்து ஆணி அடிக்கலாம், வேறு நிறம் கூட அடிக்கலாம், காலி செய்யும்போது ஓட்டையை அடைத்து வெள்ளையாக்கித் தந்தால் போதும் என்கிறார்.

போன வாரம் தூங்கப் போகும்போது மகள் கேட்டாள், "அம்மா, நாம எப்போ நம்ம வீட்டுக்குப் போவோம்?" என்று. அது மனதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. இருக்கிற பணத்தில் எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்று சொல்லுங்கள்.

வெளிச்சக்கீற்று:

முதலில் அந்த டியூப் லைட். நிறம், படம், பூச்சாடி எல்லாம் அப்புறம். இன்று ராத்திரி காசில்லாமல் ஒன்று செய்து பாருங்கள்: டியூபை அணைத்துவிட்டு, வீட்டில் எந்த மேசை விளக்கு இருந்தாலும் அதைக் கொண்டுவந்து சோபா பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். உட்கார்ந்தால் கண் இருக்குமே, கிட்டத்தட்ட அந்த உயரம். பத்து நிமிடம் அப்படியே உட்காருங்கள். அதே சோபா, அதே சுவர், ஆனால் அறை வேறு மாதிரி இருக்கும். மேலே ஒரே விளக்கு இருந்தால் வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவி, எதற்கும் நிழல் இல்லாமல், சுவர் சப்பையாகத் தெரியும். விளக்கு கீழே இறங்கியதும் இங்கே வெளிச்சம், அங்கே மங்கல் என்று அறைக்கு ஒரு ஆழம் வந்துவிடுகிறது.

பல்பு வாங்கும்போது டப்பாவில் கெல்வின் எண்ணைப் பாருங்கள். நீலம் பாய்ந்த வெள்ளையாக எரிவது 6500. இளமஞ்சளாக எரிவது 2700 அல்லது 3000, அதுதான் மாலை நேரக் கூடத்துக்கு வேண்டியது. சிஆர்ஐ என்று இன்னொரு எண் போட்டிருந்தால் அது 90-க்கு மேல் இருப்பதை எடுங்கள், துணியின் நிறமும் முகத்தின் நிறமும் செத்துப்போகாமல் தெரியும். உங்கள் அளவுக் கூடத்துக்கு மூன்று விளக்கு, முக்கோணம் மாதிரி மூன்று மூலையில். ஒவ்வொன்றும் 5 வாட் எல்இடி போதும். ஒரே அறையில் மஞ்சளையும் நீல வெள்ளையையும் சேர்த்து எரியவிடாதீர்கள், கண் ஒரு நிலைக்கு வராது. டியூபைக் கழற்ற வேண்டாம். பெருக்கவும் தொலைந்ததைத் தேடவும் அது வேண்டும். மகள் படிக்கும் இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு 4000 கெல்வின் விளக்கு, எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், கை நிழல் நோட்டில் விழாது.

ஒயர் விஷயத்தில் மட்டும் கவனம். எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டவே ஓட்டாதீர்கள். மிதிபட்டு உள்ளே நைந்தால் வெளியே தெரியாது, சூடும் வெளியே போகாது. சுவரோரமாக விடுங்கள். காகிதத்தில் கூடு செய்து விளக்குக்குப் போடுவதானால் எல்இடி மட்டும்தான் போட வேண்டும், பல்புக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு கையளவு இடம் விடுங்கள்.

பகல் வெளிச்சத்தையும் விட்டுவிடாதீர்கள். ஜன்னல் கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்து, கொசுவலை இருந்தால் கழற்றிக் கழுவி மாட்டுங்கள். பல வீடுகளில் நான் பார்த்தது, பாதி இருட்டு அந்த வலையில் படிந்த தூசியால்தான்.

உப்புத்தாள்:

வெளிச்சக்கீற்று சொன்னதற்கு அடுத்தபடி, அந்த மூன்று பெட்டிகள். பிரிக்காத பெட்டி இருக்கிற வரைக்கும் எந்த வீடும் தங்கும் விடுதி மாதிரிதான் இருக்கும். பொருளை வாங்குவதற்கு முன்னால் அதைப் பிரித்துவிடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பதே பாதி மறந்திருக்கும்.

நான் மர வேலை செய்கிறவன், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூடத்தில் சாமான் வைக்க ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. புதிதாக வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்குப் புதிதாகக் கிடைப்பது பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. ஒரு முறை தண்ணீர் பட்டால் ஓரம் ஊதிவிடும், ஊதியது இறங்காது. திருகு ஒரு தடவை கழன்றால் மறுபடி அதே ஓட்டையில் பிடிக்காது. அதே காசுக்குப் பழைய மரப் பெட்டியோ குட்டி அலமாரியோ, வீடு மாறுகிறவர்கள் விற்கிறார்கள், சிலர் எடுத்துப் போனால் போதும் என்று சும்மாவே தருகிறார்கள்.

பார்க்கப் போகும்போது முன்பக்கத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பின்பக்கம், அடிப்பக்கம். உண்மையான மரமா என்பதற்கு ஓரத்தைப் பாருங்கள்: மேல் பலகையில் ஓடும் ரேகை விளிம்பைத் தாண்டி வெட்டு முகத்தில் தொடர்ந்தால் கட்டை மரம், அங்கே பட்டை ஒட்டியது மாதிரி நின்றால் மேல்தாள். இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து மூலையைப் பாருங்கள், பலகைகள் பல் பல்லாகக் கோத்திருந்தால் நல்ல வேலை, வெறும் பின் அடித்திருந்தால் யோசியுங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் அதற்குக் கீழே மாவு மாதிரி புதுத் தூளும் இருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது, எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மெத்தை வைத்த நாற்காலி என்றால் தையல் ஓரத்தை விரலால் விரித்துப் பாருங்கள், மிளகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அலங்காரத்துக்கு வைத்த பணமெல்லாம் மருந்துக்குப் போய்விடும். கால் ஆடுவது, கீறல், கறை, கைப்பிடி இல்லாதது எல்லாம் பிரச்சினையே இல்லை.

தேய்ப்பதற்கு 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180, கடைசியில் 220. ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே தேய்த்த கோடு பாலிஷ் போட்ட பிறகுதான் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. மிகப் பழைய பொருள், மேலே தடியாகப் பெயின்ட் அடித்திருக்கிறது என்றால் தேய்க்கவே வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், வீட்டில் குழந்தை இருக்கிறது. அப்படிப்பட்டதை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பாருங்கள்.

ஒரே ஒரு சின்ன விஷயத்துக்குக் காசு போடலாம் என்றால் அது கைப்பிடி. பழைய அலமாரியில் கைப்பிடியை மாற்றினாலே பத்து வருடம் குறைந்த மாதிரி இருக்கும். வாங்கும் முன் ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடு வரைக்கும் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 64, 96, 128 மில்லிமீட்டர் இவற்றில் ஒன்றாக இருக்கும். அதே அளவில் வாங்கினால் புது ஓட்டை போட வேண்டாம்.

கூடுகட்டி:

நான் சொல்லப்போவது கொஞ்சம் வேறு மாதிரி. அவசரமாக எதையும் வாங்காதீர்கள் அக்கா. ஒரு விடுமுறை நாளில் கூடத்தில் தூக்க முடிந்த எல்லாவற்றையும் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட்டு, வெறும் கூடத்தில் மூன்று பேரும் தரையில் உட்காருங்கள். எந்த மூலைக்கு வெயில் வருகிறது, எங்கே உட்காரத் தோன்றுகிறது, மகள் தானாக எங்கே போய் விளையாடுகிறாள் என்று பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவாருங்கள், வேண்டியதை மட்டும்.

சோபாவைச் சுவரோடு ஒட்டி வைக்கத் தேவையில்லை, ஒரு சாண் முன்னால் இழுத்தாலே அறை மூச்சு விடும். நடக்கும் வழிக்கு 75 சென்டிமீட்டர் விடுங்கள், சோபாவுக்கும் முன்னால் போடும் சின்ன மேசைக்கும் நடுவில் 40 முதல் 45. புதிதாக எதையும் கொண்டுவரும் முன், அதன் நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாளை வெட்டி, தரையில் ஒட்டி, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். நான் இதைச் செய்யாமல் வாங்கிய தரைவிரிப்பு, நான்கு பேர் சோபாவுக்கு முன்னால் தபால்தலை மாதிரி கிடந்தது. சோபாவின் முன்னங்கால்களாவது அதன்மேல் ஏற வேண்டும். அந்த அளவுக்கு வாங்கப் பணம் இல்லையென்றால் விரிப்பே வேண்டாம், வெறும் தரை எவ்வளவோ மேல்.

அப்புறம், வாங்கிய பொம்மைகளைத் தூக்கிப்போட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கூட்டமாக வைத்துப் பாருங்கள். தனித்தனியாக அங்கங்கே இருக்கும்போது சிதறலாகத் தெரிவது, ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒரு சேகரிப்பாகத் தெரியும்.

மூன்றாம்மாடி:

எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. நேற்று டியூபை அணைத்துப் பார்த்தோம். மகள் முதலில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தாள், அப்புறம் விளக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்துவிட்டாள், சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.

மூன்று சந்தேகம். ஒரு சுவருக்கு மட்டும் நிறம் அடித்தால் நன்றாக இருக்குமா, எவ்வளவு பெயின்ட் வாங்குவது? படங்களை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது? ஜன்னல் 120 சென்டிமீட்டர் அகலம், இப்போது அதற்குத் திரை ஒன்றுமே இல்லை, எப்படிப் போடுவது?

உப்புத்தாள்:

பெயின்டுக்கு நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

ஒரு சுவர் தாராளமாக அடிக்கலாம். சோபாவுக்குப் பின்னால் இருக்கும் 4 மீட்டர் சுவரை எடுங்கள். 4 பெருக்கல் 2.7 என்றால் 10.8 சதுர மீட்டர், இரண்டு கோட், அதாவது இரண்டு முறை அடிக்க 21.6. ஒரு லிட்டர் எமல்ஷன் பெயின்ட் ஒரு முறை அடிக்கச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். அப்படியானால் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு டப்பாவாக வாங்கினால் அடிக்கும் முன் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிடுங்கள். நிறம் ஒன்றே என்றாலும் டப்பாவுக்கு டப்பா ஒரு நூல் வித்தியாசம் இருக்கும், சுவரின் நடுவில் அது கோடாகத் தெரியும்.

நிறத்தைக் கடையில் தரும் சின்ன அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அட்டையில் சாதுவாக இருப்பது சுவர் முழுக்க வரும்போது இரண்டு மடங்கு அழுத்தமாகத் தெரியும். மிகச் சின்ன டப்பாவாக ஒன்று வாங்கி, பிரித்த அட்டைப் பெட்டியில் ஒரு பெரிய துண்டை வெட்டி அதில் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் காலையில், மதியம், ராத்திரி விளக்கில் என்று சுவரில் இடம் மாற்றி மாற்றிச் சாய்த்துப் பாருங்கள். புது பல்பு மாட்டிய பிறகு பார்க்க வேண்டும், அது முக்கியம். 2700 கெல்வினில் நீலமும் சாம்பலும் மங்கும், மண் நிறங்கள் எல்லாம் எழும்பி வரும். உங்கள் சோபா பழுப்பு என்பதால் பச்சையில் சாம்பல் கலந்த மாதிரி ஒரு நிறம் நன்றாகச் சேரும் என்று நினைக்கிறேன்.

ஸ்டிக்கர் உரிந்த இடம்: தளர்ந்த விளிம்பைச் சுரண்டி எடுத்து, பள்ளத்தை நிரப்பும் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் சமமாக்கி, அந்த இடத்துக்கு மட்டுமாவது பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்துவிடுங்கள். அடிக்காமல் விட்டால் பட்டி மட்டும் பெயின்டை உறிஞ்சி அந்தத் திட்டு கடைசிவரை தெரியும். சுவரில் ஓதம் இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். ஓதத்தின் மேல் எந்தப் பெயின்டும் நிற்காது, வீட்டுக்காரரிடம் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பெயின்ட் பக்கத்தில் படாமல் இருக்க ஓரத்தில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் முழுதாக இறுகும் முன்னால் மெதுவாகச் சாய்த்து இழுங்கள், இறுகிய பிறகு இழுத்தால் ஓரம் பிய்ந்து வரும்.

வெளிச்சக்கீற்று:

படம்: எல்லாரும் உயரமாகத்தான் மாட்டுகிறார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும், நிற்கிறவரின் கண் அங்கேதான் போகும், கலைக்கூடங்களிலும் பெரும்பாலும் அந்த உயரம்தான். ஆணி எங்கே என்பதற்குக் கணக்கு: ஃப்ரேம் 60 சென்டிமீட்டர் உயரம், பின்னால் கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்பிலிருந்து 8 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது என்று வையுங்கள். 145 உடன் பாதி உயரம் 30 கூட்டி, 8 கழித்தால் 167. அங்கே ஆணி. சோபாவுக்கு மேல் என்றால் சோபா விளிம்புக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் 15 முதல் 20 போதும், அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு வர வேண்டும். ஒரு பெரிய படம் இல்லையென்றால் நான்கைந்து சின்னதை 5 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கிக் கோத்தால் ஒன்றாகத் தெரியும். முதலில் காகிதத்தில் வெட்டி மாஸ்கிங் டேப்பால் ஒட்டிப் பாருங்கள்.

மாட்டுவதற்குப் படம் வாங்காதீர்கள். மகள் வரைந்ததை எடுங்கள். வெள்ளை அட்டையில் நான்கு பக்கமும் அகலமாக ஓரம் விட்டு ஒட்டி ஃப்ரேமில் போட்டால் எந்த அச்சுப் படமும் அதன் பக்கத்தில் நிற்காது. ஆணிக்குப் பதில், இழுத்தால் நீண்டு கழன்று வரும் ஒட்டும் பட்டையில் மாட்டுவதானால், புதிதாக பெயின்ட் அடித்த சுவரில் ஒரு வாரமாவது பொறுத்திருந்து ஒட்டுங்கள், ஒட்டி ஒரு மணி நேரம் கழித்து எடையை ஏற்றுங்கள். எடுக்கும்போது உங்களை நோக்கி இழுக்காமல், சுவரோடு சுவராகக் கீழ்நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும்.

கூடுகட்டி:

திரைச்சீலை நான் தைக்கிறவள், அது என் பங்கு. கம்பியை ஜன்னல் சட்டத்தின் மேலேயே வைக்காமல் 15 சென்டிமீட்டர் உயர்த்தி, இரண்டு பக்கமும் 20, 20 நீட்டி மாட்டுங்கள், ஆக 160 சென்டிமீட்டர் கம்பி. ஒதுக்கும்போது துணி சுவருக்குப் போய்விடும், கண்ணாடி முழுதும் வெளிச்சம் விடும், ஜன்னலே பெரிதாகத் தெரியும். துணியின் மொத்த அகலம் கம்பியைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, அதாவது 240 முதல் 320. இதில் கஞ்சத்தனம் பண்ணினால் மடிப்பே விழாமல் போர்வை காயப்போட்ட மாதிரி இருக்கும்.

உங்களிடம் வெறும் நிறத்தில் பழைய டபுள் பெட்ஷீட் இருக்கிறதா பாருங்கள். அகலத்தில் நடுவே வெட்டினால் இரண்டு திரை, மூன்று ஓரம் ஏற்கெனவே மடித்துத் தைத்தது, வெட்டிய ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்து, மேலே கம்பி போக ஒரு பை மடிப்பு. பல தடவை துவைத்த துணி என்பதால் இனிமேல் சுருங்காது. புதுப் பருத்தித் துணி என்றால் வெட்டும் முன் துவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். நீளம் தரைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும், ஜன்னல் அடியோடு நிறுத்தாதீர்கள்.

மூன்றாம்மாடி:

ஆறு வாரம் ஆகிவிட்டது, சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

பெட்டிகள் காலி. ஒன்றில் அம்மா தந்த பித்தளைக் குவளை, அது இருக்கிற நினைவே இல்லை. விளக்கு இரண்டு வாங்கினோம், மூன்றாவது படுக்கையறையிலிருந்து வந்தது. ஒரு குடும்பம் வீடு காலி செய்தபோது மூன்று இழுப்பறை வைத்த மர அலமாரியைச் சும்மா கொடுத்தார்கள், அடிப்பக்கம் புரட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன் உப்புத்தாள் அண்ணா, தூள் இல்லை. தேய்க்க இரண்டு விடுமுறை நாள் ஆனது. கைப்பிடி 96 மில்லிமீட்டர்தான். சுவருக்கு நீங்கள் சொன்ன சாம்பல் பச்சையை அட்டையில் அடித்துப் பார்த்தோம், பகலில் நன்றாக இருந்தது, ராத்திரி கறுத்துப்போனது, அதனால் அதே வரிசையில் இரண்டு படி வெளிறியதை எடுத்தோம். பெட்ஷீட் திரை ஆகிவிட்டது, கையால்தான் தைத்தேன், கோடு கொஞ்சம் வளைந்திருக்கிறது, மடிப்பில் தெரியவில்லை. மொத்தச் செலவு ஒதுக்கியதற்குள் முடிந்து, ஒரு விளக்கு வாங்கும் அளவுக்கு மிச்சமும் இருக்கிறது. விரிப்பு வாங்கவில்லை.

சோபாவுக்கு மேல் மகளின் ஐந்து படங்கள். ஆறாவதற்கு இடம் விடச் சொல்லி அவளே அளந்து மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கிறாள். நேற்று பள்ளித் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள், வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு, "எங்க வீட்ல சாயங்காலம் பெரிய லைட் போட மாட்டோம், வா காட்றேன்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

அலமாரியின் மேல் தட்டில் ஒரு பக்கம் பித்தளைக் குவளை இருக்கிறது, இன்னொரு பக்கம் காலி. வெயில் நேராக விழாத இடம். அங்கே என்ன செடி வைக்கலாம்?

கூடுகட்டி:

மணி பிளான்ட். தெரிந்தவர் வீட்டில் ஒரு கிளை கேளுங்கள் அக்கா, இலைக்கு எதிரே தண்டில் ஒரு புடைப்பு இருக்கும், அந்தக் கணு தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள், தண்ணீரில் மூழ்கும் இலையைக் கிள்ளிவிடுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றினால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். மகளையே வைக்கச் சொல்லுங்கள்.